டிஷ் ஆடாமல் நின்ற நேரம்

சின்னப் படகு ஒன்றின் கூரைமேல் ஒரு டிஷ் இருந்தது. நங்கூரம் போட்டு நின்றாலும் படகு ஆடும். ஆடினால் கீழே அறையில் டிவி படம் போய்விடும். திட்டு மட்டும் டிஷ்ஷுக்கு.

அன்றும் டிவி கத்தியது. “ஒரு இடத்துல நிக்கமாட்டியா? வானிலைச் செய்தி ஓடுது. காத்து வருமான்னு எல்லாரும் கவலையா உட்கார்ந்திருக்காங்க!”

“வருமாவா? இங்க என்னையே பிய்ச்சுக்கிட்டுப் போகுது!”

“அதைச் செய்தியில சொல்லட்டும். நீ வாயை மூடிக்கிட்டு நேரா நில்லு.”

படகுக்காரர் தேவசகாயம் கூரைமேல் ஏறினார். பறக்கிற லுங்கியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் டிஷ்ஷின் கழுத்தைத் திருகினார்.

“இப்ப வருதா?”

“இல்லீங்க, இன்னும் கொஞ்சம்!” என்றாள் கீழேயிருந்து மனைவி.

தண்ணீருக்குள்ளிருந்து நங்கூரம் அலறியது. “என் பிடி நழுவுது! யார்கிட்டயாவது சொல்லித் தொலையேன்!”

டிஷ் தொண்டை கிழிய டிவியிடம் சொன்னது.

“செய்தி முடியட்டும்” என்றது டிவி.

நங்கூரம் பிடியை விட்டது. படகு மெல்லத் திரும்பியது. படம் பளிச்சென்று வந்தது.

“வந்துடுச்சுங்க!”

தேவசகாயம் கீழே ஓடினார். ‘இன்று கடல் அமைதியாக இருக்கும்’ என்று டிவியில் ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள். எல்லோரும் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார்கள்.

“பார்த்தியா? இப்பதான் ஒழுங்கா நிக்கிறே” என்று டிவி மெச்சியது.

டிஷ் எதிரே பார்த்தது. ஒரு பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது.