கேட்டுச் சொல்லு

கடையில் மெலிசான லேப்டாப் ஒன்றைக் காட்டி, பாடம் படிக்க இதுவே தாராளம் என்றார் அப்பா.

மகள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மேசை தள்ளி, தடியாக, பின்பக்கம் விசிறித் துளைகளோடு இருந்த ஒன்றின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பதினொன்றாம் வகுப்பு. கணக்கில் புலி. கேமிலும் புலிதான், ஆனால் அடிக்கடி நின்றுபோகும் அம்மாவின் பழைய போனில் விளையாடி, பாதி ஆட்டத்தில் காணாமல் போகிறவள் என்று கூட்டாளிகளிடம் பேர் வாங்கியிருந்தாள். அவளுக்குப் படிப்பும் வேண்டும், கேமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்க அவள் விடுவதாக இல்லை.

ஆனால் அந்த வீட்டில் கேம் என்ற பேச்சே ஆகாது. அவளுடைய அண்ணன் விளையாடி விளையாடிப் பரீட்சையில் கோட்டை விட்டான். அப்பா அவன் லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அதற்கப்புறம் அப்பா வாயில் அவன் பேர் வந்ததில்லை.

உப்பைத் தின்றவன் அவன், தண்ணீர் குடிக்கிறவள் இவளாம். இது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கடைக்கு வருவதே பெரும்பாடாகிவிட்டது. வாசலோடு திரும்பிப் போய்விடப் பார்த்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுவந்திருந்தாள்.

கடையில் விற்பனை பார்க்கிறவன் பக்கத்தில் வந்தான். தடியானதைத் திறந்து காட்டினான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் சூடாகுமா என்றுதான் முதலில் கேட்பார். இப்போதும் கேட்டார். எதிரே நின்றவனிடம் அல்ல, மகளிடம்.

"ரொம்ப நேரம் ஓடினா சூடாகுமான்னு கேட்டுச் சொல்லு."

அவள் கேட்டாள். கேம் ஓடினால் சூடு வரத்தான் செய்யும், விசிறி வெளியே தள்ளிவிடும் என்று அவன் அவளைப் பார்த்தே சொன்னான். இரண்டடி தூரத்தில் நின்ற அப்பா, ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி மகள் முகத்தையே பார்த்தார். அவள் அதையே இன்னொரு தரம் சொன்னாள்.

சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கேளு. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனால் தோள் வலிக்காதா, கேளு. மெலிசு ஏன் ஆகாது, அதையும் கேளு.

அவனும் எதையும் ஒளிக்கவில்லை. மெலிசில் பாடம் ஓடும், கேம் திணறும். தடியில் இரண்டும் ஓடும், கனம்தான், சார்ஜரையும் கூடவே சுமக்கவேண்டும் என்று அவளிடமே சொன்னான். அவள் நடுவில் நின்று அங்கேயும் இங்கேயும் பேச்சைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அப்பா, இதை வாங்கிக் கொடுத்தால் இவள் கெட்டுப்போக மாட்டாள் என்று என்ன நிச்சயம், கேட்டுச் சொல்லு என்றார்.

அவள் கேட்கவில்லை.

"இனிமே என்னால நடுவுல நின்னு பேச முடியாது. எத்தனையோ கடை இருக்க, இந்தக் கடைக்கு எதுக்கு உங்களை இழுத்துட்டு வந்தேன்னு நினைச்சீங்க? நீங்களே கேளுங்க. இல்லைன்னா எனக்கு மெலிசும் வேணாம், தடியும் வேணாம்."

கையைக் கட்டிக்கொண்டாள். லேப்டாப் போனால் போகட்டும். வீம்பு அந்தக் குடும்பத்துச் சொத்து. அதில் அவளுக்கும் பங்கு உண்டு.

அப்பா விசிறித் துளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அப்புறம் தலை நிமிர்ந்து, எதிரே நின்றவனை நேராகப் பார்த்தார்.

"இவ கெட்டுப்போயிட மாட்டாளே?"

"நானே கெட்டுப்போகலையேப்பா" என்றான் அண்ணன்.