வீட்டுக்கு ஒரு மொழி

‘நேற்று நீங்கள் வரவில்லை. காத்திருந்தோம். வலி இன்னும் இருக்கிறதா?’

மகளின் லேப்டாப்பில் இதைப் படித்த அம்மா, காபியை மேஜையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். மகள் குளியலறையில் இருந்தாள். திரையில் அதே சேதி இன்னும் மூன்று மொழிகளில், வெவ்வேறு எழுத்துகளில் வரிசையாக நின்றது. நாலு மொழியில் உருகுகிறான் என்றால் எப்பேர்ப்பட்ட கில்லாடியாக இருப்பான்!

வினை நாள் பார்த்துத்தான் வந்திருந்தது. மறுநாள் காலை அண்ணி தன் தம்பி மகனுக்குப் பெண் கேட்டு வருகிறாள். “என் பொண்ணு மனசுல யாரும் இல்ல, அதுக்கு நான் பொறுப்பு” என்று அம்மா மார்தட்டி வைத்திருந்தாள். அண்ணியிடம் சொன்ன சொல் பொய்த்தால், அவள் அதைச் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“யாருடி அவன்?”

“எவன்?”

“நீ போகலைன்னு காத்துக் கிடந்தவன்! வலிக்குதான்னு வேற விசாரிக்கிறான்!”

மகள் திரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, அது பல் ஆஸ்பத்திரி. வராத நோயாளிகளுக்குப் போற சேதி. அதுக்குத்தான் நான் புரோகிராம் எழுதறேன்.”

அம்மா அத்தனை சுலபமாக நம்புகிற ரகமில்லை. “பல்லைப் பிடுங்க எதுக்குடி நாலு மொழி?”

“வர்றவங்க நாலு மொழி பேசறாங்களே! முன்னாடி மொழிக்கு ஒண்ணா தனித்தனியா எழுதி வச்சிருந்தாங்க. ஒண்ணைத் திருத்தினா இன்னொண்ணை மறந்துடுவாங்க. இப்ப நான் ஒரு கிளாஸ் பண்ணியிருக்கேன். கிளாஸ்னா ஒரு அச்சு மாதிரி. அதுல வார்க்கிற ஒவ்வொரு சேதியும் நாலு மொழியையும் தன் வயித்துக்குள்ளயே வச்சிருக்கும். கேக்கறவங்க மொழியில பேசும். அந்த மொழி காலியா இருந்தா, இருக்கறதுல ஒண்ணைக் கொடுக்குமே தவிர வெறுங்கையோட அனுப்பாது.”

“இதுக்குப் போய் கம்ப்யூட்டரா?” என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். ஒரே விஷயத்தைத் பக்கத்து வீட்டில் அழுதும் எதிர்வீட்டில் சிரித்தும் சொல்ல, அவளுக்கு யாரும் அச்சு வார்த்துக் கொடுக்கவில்லை.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே போனை எடுத்துவிட்டாள். “அண்ணி, குடைஞ்சு குடைஞ்சு கேட்டுட்டேன். பச்சை மண்ணு, பல்லைத் தவிர வேற நினைப்பே இல்ல. தைரியமா வாங்க!”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லேப்டாப் கிணுகிணுத்தது. திரையில் ஒரு இளைஞனின் முகம் வந்தது.

“கூட வேலை பாக்கறவர்மா. ரெண்டாவது வரியில இருக்கே, அது இவரோட மொழி. இவர்தான் எழுதித் தர்றார்.”

“வணக்கம், அத்தை!” என்றது முகம், தட்டுத்தடுமாறி.

அம்மா குளிர்ந்துபோனாள். கண்ட கண்டதெல்லாம் ஆன்ட்டி என்று கூப்பிடுகிற காலத்தில் இதென்ன மரியாதை! வேற்று மொழிக்காரப் பிள்ளைக்கு முறை எங்கே தெரியும், பாவம், யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறது.

“என்ன வேலை நடக்குது?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இதுலதான்மா ஆபீஸ்ல பெரிய சண்டை. வீட்டுக்கு ஒரு மொழி குறிச்சு வச்சா போதும்னு மேனேஜர். இல்ல, ஆளுக்கு ஒரு மொழி வேணும்னு நான். ரெண்டு வாரம் மல்லுக்கட்டி ஜெயிச்சேன். இப்ப சோதனை.”

இளைஞன் எதையோ தட்டினான். ஒரே முகவரிக்கு இரண்டு சேதிகள் வந்து விழுந்தன. கணவனுக்கு அவன் மொழியில், மனைவிக்குத் தமிழில். வேலை பலித்த சந்தோஷத்தில் இருவரும் திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கைதட்டினார்கள்.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “உன் மேனேஜர் சொன்னதுதான்டி சரி! புருஷன் ஒரு மொழி, பொண்டாட்டி ஒரு மொழின்னு எந்த வீட்டுலடி குடித்தனம் நடக்குது? இல்லாத ஜோடிக்காக ரெண்டு வாரம் சண்டை போட்டியா? அப்படி யாராவது இருந்தா காட்டு, பாப்போம்!”

மகள் துண்டை மடித்து வைத்தாள். திரையில் இருந்த முகம் மெல்லத் தலையாட்டியது.

“நானும் இவரும்தாம்மா, போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ் போனதுலேர்ந்து.”