இரண்டு குழாய் ரத்தம்

மலைக்கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார் செல்லப்பன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கை நடுங்கியது.

"ஏனுங்க, ஊசிக்கா இத்தனை பயம்?" என்றாள் மனைவி கண்ணாயி. "பீடி பத்த வைக்கறப்ப நடுங்கலையே!"

நர்ஸ் ஊசியை எடுத்தாள். "நுரையீரல் புற்றுநோய் வந்தவங்க ரத்தத்துல, நோய் எதிர்ப்பு அணுக்கள் வைட்டமின் டி-யை எப்படிப் பயன்படுத்துதுன்னு ஆராய்ச்சி பண்றோம். எத்தனை வருஷமா பீடி?"

"முப்பதுங்க."

"வெயில்ல நிப்பீங்களா?"

"காப்பி எஸ்டேட்டுங்க. நாளெல்லாம் மரநிழல்தான்." அவர் நர்ஸை நிமிர்ந்து பார்த்தார். "பொழைக்க வழி இருக்குங்களா?"

நர்ஸ் அவர் ரத்தம் எடுத்த குழாயில் சீட்டு ஒட்டினாள்: 'நோயில்லாதவர், ஒப்பிட்டுப் பார்க்க.'

"நீங்க எந்திரிங்க. நோயாளி உட்காரட்டும்."

கண்ணாயி உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"உங்களுக்கு என்னம்மா பழக்கம்?"

"விறகடுப்புப் புகை ஒண்ணுதானுங்க."