நாற்பது மீட்டர் பிழை

வரைபடத்தில் அம்மாவின் புள்ளி இன்றும் மருத்துவமனைக்குள்தான் நின்றது.

கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். துணிக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அங்கே இருக்கிறாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "அது தப்பாக் காட்டுது" என்றார்.

நிலம் அளப்பவர். செயற்கைக்கோள் கருவியைத் தோளில் சுமந்து வெயிலில் அலைந்தே தலை நரைத்தவர். இந்த விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்தால் மீள முடியாது.

"அந்தத் தெருவுல ரெண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம். சிக்னல் நேரா வராது, சுவத்துல முட்டிச் சுத்தி வரும். லேட்டா வந்தா தூரம் அதிகம்னு போன் நெனச்சுக்கும். துணிக்கடையில இருக்கிற ஆளைக் கொண்டுபோய் எதிர்ப்பக்க ஆஸ்பத்திரியில நிறுத்திடும்."

"மூணு தடவையுமா?"

"கட்டடம் மூணு தடவையும் அங்கேயேதானே இருக்கு?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று நான் பதறுகிறேன். இவர் பாடம் நடத்துகிறார்.

அடுத்த வாரம் நான் வேலையில் சேர வெளிநாடு கிளம்புகிறேன். பாதி அடுக்கிய பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்து கிடக்கிறது. இந்த நிலைமையில் எப்படிப் போவது?

"வாங்க, நேர்லயே போய்ப் பாத்துடலாம்."

"எதுக்கு வீண் அலைச்சல்?" என்று முனகிக்கொண்டே வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அதே பேச்சு. காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் சிக்னல் தாமதமாகுமாம். குறுகலான தெருவில் நாலைந்து செயற்கைக்கோள்தான் போனுக்குத் தெரியுமாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

துணிக்கடைப் படியில் அப்பா ஏறி நின்று, தன் கைப்பேசியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

என் கண்முன்னே படியில் நிற்கும் அப்பா, வரைபடத்தில் சாலைக்கு அந்தப் பக்கம், மருத்துவமனைக்குள் நின்றார். நாற்பது மீட்டர் பிழை.

"இப்ப என்ன சொல்றே?"

இத்தனை நாளும் இல்லாததை எல்லாம் கற்பனை செய்து, பெற்றவளை வேவு பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். மருத்துவமனை வாசலிலிருந்து.

பின்னால் வந்த என்னை அவள் கவனிக்கவில்லை. நேராக அப்பாவிடம் போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் இன்னைக்கே வந்தீங்க? பொண்ணு ஊருக்குக் கிளம்பின மறுநாள் உங்க ஆப்பரேஷனை வச்சுக்கலாம்னு, இப்பத்தான் டாக்டரைக் கெஞ்சிக் கேட்டுட்டு வர்றேன்."