இரண்டாவது வாய்

சளி உறிஞ்சும் குழாயில் ஒரு சோற்றுப் பருக்கை வந்தது.

டாக்டர் தமிழரசி அதைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே நின்ற தாயையும் மகனையும் பார்த்தார்.

"வாய் வழியா யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல மேடம்," என்றான் தேவேந்திரன். மறைமலைநகர் கம்பெனியின் சீருடையைக்கூட மாற்றாமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தான். "மூக்குல டியூப் கீது. எல்லாம் அதுலதான் போவுது."

"நான்தாம்மா குடுத்தேன். நேத்து மதியம்," என்றாள் சொர்ணம்.

டாக்டர் திட்டவில்லை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துக் கிடந்தது. வயிற்றுக்குப் போகவேண்டிய சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகியிருந்தது.

"ரெண்டு நாள் தாண்டட்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆக்சிஜன் முகமூடிக்குள் அவள் கணவர் ஜம்புலிங்கத்தின் மூச்சு இரைந்துகொண்டிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் அவருடைய வலது கையையும் விழுங்கும் சக்தியையும் பேச்சையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பெல்லாம், படகு கரையேறினால் அவருக்கு முன்னால் அவர் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும்.

முப்பத்தோரு வருடத்தில் அவர் சொர்ணத்தின் சமையலைப் பாராட்டியதே இல்லை. முதல் வாய் வைத்ததும், "உப்பு இல்ல," என்பார். அவளும் விடமாட்டாள். "கடத்தண்ணி குடிச்ச நாக்குக்கு எவ்ளோ கொட்னாலும் பத்தாது."

இந்த ஏழு மாதமும் அவள் தன் பங்கை மட்டும் சொல்லிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் கண் மட்டும் அசைந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நேற்று விடிகாலையில்தான் படகுகள் கடலுக்குப் போயின. கூட்டாளிகள் அவர் பங்கென்று சங்கரா மீன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"எம்மா, ஆசைப்பட்டுக் கேட்டாரா?" என்றான் தேவேந்திரன்.

"கேக்கல."

"பின்ன எதுக்கும்மா குடுத்த?"

அவள் கணவரின் கால்மாட்டில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"மொத வாய் நல்லாத்தான்டா போச்சு. முழுங்கிட்டு என்னியே பாத்தாரு. 'உப்பு இல்ல'ன்னாரு."

தேவேந்திரன் நிமிர்ந்தான்.

"பேசுனாரா?"

"தெளிவா சொன்னாரு. இன்னாய்யா சொன்ன, இன்னொருவாட்டி சொல்லுன்னேன். சும்மா பாத்துகினே இருந்தாரு. அதான் இன்னொரு வாய் வெச்சேன். சொல்லத்தான் வாயத் தொறந்தாரு. பொரையேறிடுச்சு."

இருவரும் அந்த முகமூடியைப் பார்த்தார்கள். அது மங்குவதும் தெளிவதுமாக இருந்தது.

தேவேந்திரன் நேற்று ராத்திரி ஷிப்டுக்கு அந்தச் சங்கரா மீன் குழம்பைத்தான் டப்பாவில் கொண்டுபோயிருந்தான். கூட வேலை செய்பவர்கள் விரலை நக்கினார்கள்.

"நாக்கும் போயிடுச்சு போல," என்றான் மெதுவாக. "நானும் தின்னேனே. உப்பு கரெக்டாத்தான இருந்துச்சு."

சொர்ணம் அவனைப் பார்க்கவில்லை.

"அவருக்குத் தனியா எடுத்து வெச்ச அப்பறம்தான்டா உப்பு போட்டேன்."