தொட்டியின் மேல்மூடி

ஏழாவது முறையும் ட்ரோன் எழும்பவில்லை. மொட்டைமாடித் தரையில் நின்றபடி உறுமியது. புழுதியை மட்டும் வாரி இறைத்தது.

புழுதி முழுக்க அவள் காயப்போட்ட துணிகளில்.

அன்று இரண்டாம் முறையாக அலசிய துணிகள் அவை.

ட்ரோனின் நான்கு கைகளுக்கும், சுவரில் மின்கம்பி போகும் பிளாஸ்டிக் குழாய். நடுவில் பெயின்ட் வாளியின் மூடி. குழாயை மூடியோடு இறுக்க கேஸ் ட்யூப் கிளிப்புகள். எல்லாம் தெருமுனை ஹார்டுவேர் கடைச் சரக்கு. மோட்டாரும் சர்க்யூட்டும் மட்டும், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி தேடிக் கொண்டுவந்தவை.

சமையலறைத் தராசு மூன்று நாளாக மாடியில் கிடந்தது. அவளுடைய தையல் கத்தரிக்கோலும்தான்.

இத்தனையும் ஒரே ஒரு படத்துக்காக.

கணவருக்குத் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதிக்கும் வேலை. மாதம் ஒருமுறை பெரிய தொட்டியின் உச்சிக்கு ஏறி, மேல்மூடியைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஏறுகிறார். போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் அனுப்பியது ஒரே பழைய படம். மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குள் புதுப் படம் போகாவிட்டால், அந்த வேலைக்கு வேறு ஆள்.

மனுஷனுக்குச் சோம்பல் தலைக்கேறிவிட்டது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

“இருபது நிமிஷத்துல ஏறி எறங்கற வேலை. அதுக்கு மூணு நாளா இந்தக் கூத்து!”

“இப்ப எல்லாரும் இப்படித்தான் எடுக்கறாங்க” என்றார் அவர். தலை நிமிரவில்லை.

ட்ரோன் ஏன் எழும்பவில்லை என்று தம்பிக்குத் தெரியும். கனம். மேலே போகிற எதற்கும் இரண்டு கட்டு போடுவது கணவரின் தொழில் பழக்கம். ஒவ்வொரு கிளிப்பின் மேலும் இரும்புக்கம்பியை நாலு சுற்று சுற்றி முறுக்கியிருந்தார். அதுவும் போதாதென்று அடியில் ஒரு நைலான் கயிறு.

“மாமா, இது பறக்கவா, பாலம் தாங்கவா?”

அவர் தண்ணீர் குடிக்கக் கீழே போனதும் தம்பி கம்பிகளை எல்லாம் வெட்டி எறிந்தான். கயிற்றையும் அவிழ்த்தான்.

“அக்கா, போட்டுக் குடுத்துடாத.”

எட்டாவது முறை எழும்பியது. முழங்கால் உயரம். ஆள் உயரம். அவர் குழந்தை மாதிரி கைதட்டினார்.

பிறகு காற்று அடித்தது. ட்ரோன் ஒருபக்கமாகச் சாய்ந்து, மாடிப்படி அறையின் கூரைமேல் போய் விழுந்தது.

அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

“ஏணி அங்க இருக்கு. போய் எடுங்க. இல்ல, அத எடுக்கறதுக்கும் இன்னொரு ட்ரோன் செய்வீங்களா?”

அவர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். ஏழு படி ஏணி. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மறுபடியும் ஆட்டிப் பார்த்தார்.

வலது காலை முதல் படியில் வைத்தார்.

இடது கால் தரையை விட்டு வரவில்லை.

அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் தம்பி ஓடிவந்தான்.

“நான் எடுக்கறேன் மாமா, நீங்க விடுங்க.” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. புதிதாகச் சொல்வது போலவும் இல்லை.

அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். ஏணியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பின்கழுத்தில் வேர்வை வழிந்தது. கண்களை இறுக மூடியிருந்தார்.

அவள் கையிலிருந்த சட்டையை வாளியில் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். தம்பியை விலக்கினாள். கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஏறினாள்.

கூரைமேலிருந்து அதே எரிச்சல் குரல்தான் வந்தது.

“ஒரு இறக்கைதான் ஒடைஞ்சிருக்கு. காலையில மூணு பேருமா தொட்டிக்குப் போறோம். இப்ப நான் எறங்கறேன், ஏணியக் கெட்டியாப் பிடிங்க, ஆடுது.”

அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

ஏணி ஆடவில்லை.