ஜன்னலுக்கு வெளியே தொங்கிய பாட்டில்

அண்ணன் மத்வெய் படியேறி வரும் சத்தம் கேட்டதுமே தைஸ்யா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நட்டநடு மதியம். வெளியே கும்மிருட்டு. சூரியன் தலைகாட்டி வாரக்கணக்கில் ஆகிறது. இந்த வடகோடி ஊரில் பனிக்காலம் என்றால் அப்படித்தான்.

அவள் புருஷன் யெகோர் குளித்து, சவரம் செய்து, புது மாப்பிள்ளை மாதிரி நின்றான். குடியால் பறிபோன பனி வாரும் வண்டி ஓட்டும் வேலையை மச்சான் இன்று திருப்பித் தரப்போகிறார். ஒரே நிபந்தனை, ஒரு சொட்டுகூடத் தொட்டிருக்கக் கூடாது.

இனிக் குடிப்பதில்லை என்று போன பனிக்காலத்தில் சத்தியம் செய்தவன், விருந்தாளிகளுக்கென்று அரை பாட்டில் வோட்காவை அலமாரியில் கண்ணெதிரே வைத்துக்கொண்டே திரிந்தான். அப்படி ஒரு வீம்பு அவனுக்கு.

இன்று காலை அதை வலைப்பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டான். சில்லென்று இருந்தால்தான் மச்சானுக்கு இறங்குமாம். கீழே விழுந்துவிடும், உள்ளே எடு என்று தைஸ்யா சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

மத்வெய் உட்கார்ந்து ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தார். முதலில் தேநீர் குடிக்கலாமே என்றாள் அவள். இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யெகோர் பாட்டிலை எடுத்து வந்து, பெருமையாகத் தன் கையாலேயே மச்சானின் கோப்பையில் சாய்த்தான்.

ஒன்றும் விழவில்லை.

மத்வெய் பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே வெள்ளையாக உறைந்து கட்டியாகியிருந்தது. இந்தக் குளிருக்கு வோட்கா எண்ணெய் மாதிரி கெட்டியாகும், உறையாது. தண்ணீர் கலந்திருந்தால்தான் உறையும். இங்கே சின்னக் குழந்தைக்கும் அது தெரியும்.

"குடிச்சிட்டுத் தண்ணிய ஊத்தி ரொப்பி வெச்சிருக்கே. என்னை என்ன கேனயன்னு நெனச்சியா, மாப்ளே?"

யெகோர் திகைத்துப்போய்ப் பாட்டிலைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை.

அவன் தலை குனிந்தது.

"ஆமா மச்சான். நான்தான். இந்த இருட்டு தாங்க முடியல."

மத்வெய் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, இவனைக் கட்டிக்கொண்டு நீ படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று தங்கையை அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

அவர் இல்லை அண்ணா, நான்தான் என்று சொல்லிவிட நினைத்தாள்.

வாயைத் திறந்தால் காலையில் குடித்த வாசனை அண்ணனுக்கு எட்டிவிடும். தைஸ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.